முள்ளங்கிப் பெராக்ஸிடேஸுடன் ஒரு கோடைக்காலம்

இளநிலை உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறையில், நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகள் இணைந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சித் திட்டத்தின் வழியே ஓர் ஆய்வகத்தில் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வெள்ளை முள்ளங்கியிலிருந்து பெராக்ஸிடேஸ் என்னும் நொதியைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு படியிலும் அது எவ்வளவு தூய்மையடைகிறது என்று கணக்கிடுவதே எனக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை.

குளிர்ந்த பாஸ்பேட் பஃபரில் (அமில-காரத் தன்மையை மாறாமல் வைத்திருக்கும் கரைசலில்) முள்ளங்கியை அரைத்துத் துணியில் வடிகட்டுவது வரை சமையலறை வேலை போலத்தான் இருந்தது. அம்மோனியம் சல்பேட்டால் புரதத்தை வீழ்படியச் செய்து, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியேவிடும் டயாலிசிஸ் பையில் இட்டு அந்த உப்பை நீக்கத் தொடங்கியபோதுதான் கவனம் தேவைப்பட்டது. உப்பு போய்விட்டதா என்று அறிய, பைக்கு வெளியே உள்ள கரைசலில் பேரியம் குளோரைடு சேர்த்து வெண்ணிற வீழ்படிவு வருகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் பஃபரில் உள்ள பாஸ்பேட்டும் பேரியத்துடன் வீழ்படிவு தரும் என்பதால், முதலில் சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட வேண்டும். அமிலத்தில் பேரியம் பாஸ்பேட் கரைந்துவிடும், பேரியம் சல்பேட் கரையாது. செய்முறைக் கையேட்டில் இல்லாத இந்த நுணுக்கத்தைச் சொல்லித் தந்தவர் அங்கிருந்த மூத்த ஆய்வு மாணவி.

நொதியுடன் குவாயக்கால் என்னும் வேதிப்பொருளும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேரும்போது உண்டாகும் செம்பழுப்பு நிறத்தை 470 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளந்தோம்; நிறம் கூடும் வேகமே நொதியின் செயல்பாட்டுக்கு அளவு. புரத அளவுக்கு, ஒரு சாயத்தின் நிறமாற்றத்தைக் கொண்டு புரதத்தை அளக்கும், 1976-இல் வெளியான பிராட்ஃபோர்டு முறையைப் பயன்படுத்தினோம். மொத்தச் செயல்பாடு படிக்குப் படி குறைய, ஒரு மில்லிகிராம் புரதத்துக்கான செயல்பாடு மட்டும் உயர்ந்துகொண்டு போனது. இதுவரை எதிர்பார்த்ததே.

எதிர்பாராதது ஒப்பீட்டுக் குழாயில் நிகழ்ந்தது. நொதியை அழிப்பதற்காகச் சிறிது நேரம் கொதிநீரில் வைத்த சாறு, உடனே சோதித்தபோது நிறம் தரவில்லை. குளிர்பெட்டியில் இருந்த அதே சாறு மறுநாள் மெல்லிய நிறம் தந்தது. கல்லூரிச் செய்முறை வகுப்பாக இருந்திருந்தால், குழாய் சரியாகக் கழுவப்படவில்லை என்று சொல்லிக் கொட்டியிருப்பார்கள். எங்கள் வழிகாட்டியோ, புதிய குழாய்களில் மீண்டும் செய்யச் சொன்னதோடு, சாறே சேர்க்காத ஒன்றையும், நெடுநேரம் கொதிக்க வைத்த ஒன்றையும் உடன் வைக்கச் சொன்னார். அவ்விரண்டிலும் நிறம் வரவில்லை. சிறிது நேரம் மட்டும் சூடாக்கியதில் மறுபடியும் வந்தது.

பெராக்ஸிடேஸ் வெப்பத்தை நன்கு தாங்கும் நொதி; குறுகிய நேரச் சூட்டில் கட்டமைப்பு குலைந்த மூலக்கூறுகளில் ஒரு பகுதி, ஆறியபின் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடக்கூடும் என்று அவர் விளக்கினார். உறைய வைக்கும் காய்கறிகளை முன்கூட்டி வெந்நீரில் அமிழ்த்தும் தொழிலில், சூடு போதுமா என்பதற்கு இந்த நொதியையே அடையாளமாகக் கொள்வதால், அத்துறையினருக்கு இது பழைய செய்தியாம். புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்ற என் மகிழ்ச்சி அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் சூடாக்கும் நேரத்தை மாற்றி மாற்றி, எவ்வளவு செயல்பாடு திரும்புகிறது என்று அளப்பதிலேயே எஞ்சிய வாரங்கள் கழிந்தன. இறுதி அறிக்கையில் பெரும்பகுதியை அந்த அளவீடுகளே எடுத்துக்கொண்டன; தூய்மையாக்கல் அட்டவணைக்கு ஒரு பக்கமே போதுமானதாக இருந்தது.