இறந்த லேப்டாப்பின் எஸ்எஸ்டியில் அக்காவின் ஒப்பாரிப் பதிவுகள்: எப்படி எடுப்பது?

கேள்வி

வணக்கம். போன வாரம் இடி மின்னல் அடித்த இரவில் அக்காவின் லேப்டாப் சார்ஜில் இருந்தது. காலையில் பார்த்தால் அசைவே இல்லை. மதர்போர்டு போய்விட்டது என்று சர்வீஸில் சொல்லிவிட்டார்கள். லேப்டாப் போனால் போகட்டும். முனைவர் பட்டத்துக்காக நான்கு வருடம் ஊர் ஊராகப் போய் அக்கா பதிவு செய்த ஒப்பாரிப் பாடல்கள் அதில் இருக்கின்றன, சுமார் 140 மணி நேரம். பாடிய பாட்டிகளில் மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை. மெமரி கார்டுகளையும் அவ்வப்போது அழித்துத்தான் அடுத்த ஊருக்குக் கொண்டுபோனாள்.

பின்மூடியைத் திறந்து, ஃபைல்கள் சேமிக்கப்பட்டிருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டேன். எம்.2 வகை, 512 ஜிபி. கடையில் கேட்டு ஒரு என்விஎம்இ என்க்ளோஷர் (எஸ்எஸ்டியை உள்ளே வைத்து யுஎஸ்பியில் இணைக்கும் பெட்டி) வாங்கினேன். எஸ்எஸ்டி அதில் சரியாக உட்கார்ந்தது, விளக்கும் எரிகிறது. ஆனால் கம்ப்யூட்டரில் டிரைவ் வரவே இல்லை. எஸ்எஸ்டியும் கருகிவிட்டதா?

பதில் 1

தம்பி, அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வர வேண்டாம். எஸ்எஸ்டியின் பின்கள் இருக்கும் ஓரத்தைப் பாருங்கள். எத்தனை வெட்டு இருக்கிறது, ஒன்றா இரண்டா? ஸ்டிக்கரில் சாட்டா என்றோ என்விஎம்இ என்றோ போட்டிருக்கிறதா?

கேட்டவர்

இரண்டு வெட்டு. ஸ்டிக்கரில் சாட்டா என்று இருக்கிறது.

பதில் 1

அதுதான் விஷயம். எம்.2 என்பது அளவும் வடிவமும் மட்டுமே. உங்களுடையது 2280 ஆக இருந்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். அந்த வடிவத்துக்குள் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வேறு மொழி பேசும் டிரைவ்கள் வருகின்றன. இரண்டு வெட்டு உள்ள சாட்டா எஸ்எஸ்டி என்விஎம்இ என்க்ளோஷரிலும் அழகாகப் பொருந்திவிடும். ஆனால் உள்ளே இருக்கும் சிப், உதாரணமாக ஜேஎம்எஸ் 583, சாட்டாவோடு பேசாது. அதனால்தான் விளக்கு எரிந்தும் டிரைவ் வரவில்லை. எம்.2 சாட்டா என்க்ளோஷர் என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஆர்டிஎல் 9210பி சிப் உள்ளது கிடைத்தால் இரண்டு வகைக்கும் ஆகும். கடைசியில் உள்ள ‘பி’ முக்கியம்.

பதில் 2

ரிக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பாருங்கள், எல்லாம் வந்துவிடும்.

பதில் 1

மேலே சொன்ன நண்பர் கோபிக்க வேண்டாம், இங்கே அது வேண்டாம். அழிந்த ஃபைலைத் தேடவில்லை, இருக்கும் ஃபைலைத்தான் எடுக்கிறோம். தம்பி, டிரைவ் தெரிந்த பிறகு ‘ஃபார்மட் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்டாலும், ‘பிழை இருக்கிறது, சரிசெய்யவா’ என்று கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். நகல் எடுத்து முடியும்வரை அந்த எஸ்எஸ்டியில் ஒரு எழுத்துகூடப் புதிதாக எழுதக் கூடாது.

கேட்டவர் (மறுநாள்)

அண்ணா, சாட்டா என்க்ளோஷர் போட்டதும் சி, டி என்று இரண்டு டிரைவ் வந்தது! ஆனால் இரண்டிலும் பூட்டுப் படம். 48 இலக்க ரிக்கவரி கீ கேட்கிறது. அக்கா எந்தப் பூட்டும் போடவில்லை என்கிறாள், அழுதுகொண்டிருக்கிறாள்.

பதில் 3

நீங்கள் போடவில்லை, விண்டோஸ் போட்டிருக்கிறது. சமீபத்தில் விண்டோஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்தீர்களா? விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் உள்ளே போனால், பெரும்பாலான லேப்டாப்களில் பிட்லாக்கர் என்ற டிரைவ் பூட்டு தானாகவே இயங்கிவிடுகிறது. சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற சிப்பின் பாதுகாப்பில் இருக்கும். அது ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் திறந்துவிடுவதால் பூட்டு இருப்பதே நமக்குத் தெரியாது. இப்போது போர்டு போய்விட்டது, எஸ்எஸ்டியும் வேறு கம்ப்யூட்டரில் இருக்கிறது. மிச்சம் அந்த 48 இலக்கம்தான். அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ‘உடைத்துத் தருகிறோம்’ என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஆனால் தானாகப் போட்ட பூட்டு என்றால் அதன் சாவி அந்த அக்கவுன்டிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். பிரவுசரில் அக்காவின் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டுக்குள் போய், சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் ரிக்கவரி கீயைத் தேடுங்கள்.

கேட்டவர்

அக்காவின் மெயிலில் ஒன்றும் இல்லை. போன வருடம் ஒரு கடையில்தான் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தார்கள்.

பதில் 3

அப்படியென்றால் கடைக்காரர் ஒரு புது மெயில் ஐடி உருவாக்கியிருப்பார். நம் ஊரில் பல கடைகளில் இதுதான் வழக்கம். பில்லின் பின்பக்கம், லேப்டாப் பெட்டி, அக்காவின் போனுக்கு வந்த பழைய எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் பாருங்கள். ஐடி கிடைத்தால் போதும். பாஸ்வேர்டு மறந்தாலும் அக்காவின் எண் கொடுத்திருந்தால் ஓடிபி வைத்து மாற்றிவிடலாம்.

இன்னொன்று: இரண்டு டிரைவுக்கும் வெவ்வேறு சாவி இருக்கும். பூட்டுத் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளை அக்கவுன்டில் உள்ளதோடு ஒப்பிட்டு, பொருந்தும் சாவியைப் போடுங்கள்.

கேட்டவர் (இரண்டு நாள் கழித்து)

பில்லின் பின்பக்கம் பேனாவில் எழுதியிருந்தது! ஓடிபி அக்காவின் போனுக்கே வந்தது. இரண்டு சாவியும் கிடைத்து, இரண்டு டிரைவும் திறந்துவிட்டன. 145 ஜிபி பதிவுகளையும் என் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றியாகிவிட்டது. முதலில் கறுப்பு யுஎஸ்பி போர்ட்டில் போட்டேன், நகரவே இல்லை. வேகமான நீலப் போர்ட்டுக்கு மாற்றியதும் அரை மணி நேரத்தில் முடிந்தது.

இரண்டு சந்தேகம். சி டிரைவில் யூசர்ஸுக்குள் அக்காவின் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. அப்புறம், டி டிரைவில் அவள் தட்டச்சு செய்த பாடல் வரிகள் எல்லாம் குப்பையாக ஆங்கில எழுத்தில் தெரிகின்றன. கெட்டுவிட்டனவா?

பதில் 1

கெடவில்லை. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருப்பார். அதே எழுத்துருவை உங்கள் கம்ப்யூட்டரில் போட்டால் தமிழாகத் தெரியும். அனுமதிக்கு ‘தொடர்க’ என்பதை அழுத்திக் காத்திருங்கள். அது அந்த ஃபோல்டரின் அனுமதியை மாற்றி எழுதும், ஆனால் பதிவுகளின் நகல் வந்துவிட்டதால் இப்போது பயமில்லை. டெஸ்க்டாப் காலியாக இருந்தால் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளும் பாருங்கள்.

பதிவுகளில் நாலைந்தையாவது முழுக்க ஓடவிட்டுக் கேட்டுச் சரிபாருங்கள். இரண்டாவது நகல் ஒன்று வேறொரு ஹார்டு டிஸ்க்கில் ஏறும்வரை எஸ்எஸ்டியை அழிக்க வேண்டாம். அதற்காக அதையே நகலாக நினைத்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். வருடக்கணக்கில் மின்சாரம் காணாத எஸ்எஸ்டி தகவலை இழக்கக்கூடும்.

கேட்டவர்

பாமினிதான் அண்ணா, வரிகள் தெரிகின்றன. அக்கா இப்போது ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது ஹார்டு டிஸ்க் நாளைக்கு வாங்குகிறேன்.