இருபுறமும் தெரியும் வண்ணச் சால்வையும், மீந்த நூலில் ஒரு கிறிஸ்துமஸ் விளையாட்டும்

பொறையாறு வாசகி:
அனைவருக்கும் வணக்கம். தரங்கம்பாடியில் 1718-இல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்துக்குக் கிறிஸ்துமஸ் அதிகாலையில் ஆராதனைக்குச் செல்லும் எங்கள் அப்பாயி மார்கழிப் பனிக்குப் போர்த்திக்கொள்ள, சிவப்பு, பச்சை, சந்தன நிறங்களில் நட்சத்திரங்கள் வரும் சால்வை ஒன்றைப் பின்ன விரும்புகிறேன். ஒரே வரிசையில் இரண்டு நிறங்களைக் கொண்டுசெல்லும் ஃபேர் ஐல் முறையில் மாதிரித் துண்டு போட்டுப் பார்த்தேன். நட்சத்திரம் வரும் இடம் சுருங்குகிறது, பின்பக்கம் நீளமாக ஓடும் நூலில் மோதிரம் மாட்டுகிறது. வேறு முறை உண்டா? மீதமாகும் நூலைக் கொண்டு, குழந்தைகள் முதல் அப்பாயி வரை சேர்ந்து விளையாட ஏதேனும் செய்ய முடியுமா?

குடந்தைப் பின்னல்:
ஃபேர் ஐல், ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் குளிருக்காக வளர்ந்த முறை. பின்பக்க நூல் சட்டைக்குள் மறைந்து, கதகதப்பையும் கூட்டும். சால்வைக்கோ இரண்டு பக்கமும் வெளியே தெரியும். நம் டெல்டாவின் டிசம்பருக்கு அவ்வளவு கனமும் வேண்டாம். ஆகவே மொசைக் முறையையே உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். இதில் ஒரு நிறத்தைப் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை என்று இரண்டு வரிசைகள் பின்னி, பிறகு அடுத்த நிறத்துக்கு மாற வேண்டும். மற்ற நிறம் தெரிய வேண்டிய இடத்தில் பழைய கண்ணியைப் பின்னாமல் ஊசியிலிருந்து ஊசிக்கு மாற்றிவிட்டால் போதும். அப்படி மாற்றும்போது நூல் எப்போதும் சால்வையின் பின்பக்கமாகவே செல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று கண்ணிகளுக்கு மேல் மாற்றாதிருந்தால் எதுவும் மாட்டாது. எல்லா வரிசைகளையும் நிட் கண்ணியாகவே (பின்னலின் அடிப்படைக் கண்ணி) போட்டால் ஓரமும் சுருளாது. இந்த முறையில் வளைந்த கொடி வடிவம் வராது. சாய்கோடுகளாலான நட்சத்திரம் அழகாக வரும், ஆனால் எந்தக் கண்ணி எந்த நிறம் என்று கட்டங்களில் காட்டும் கட்டப்படத்தை அதற்காகப் புதிதாக வரைய வேண்டும்.

திருக்காட்டுப்பள்ளி அக்கா:
மீந்த நூலில் பரிசுப்பந்து சுற்றுங்கள், சகோதரி. நடுவில் ஒரு சிறு பரிசை வைத்து நூலைச் சுற்றி, சில அடுக்குகளுக்கு ஒருமுறை மடித்த சீட்டு ஒன்றைச் செருகி, நிறத்தையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். பாட்டு நிற்கும்போது பந்து யார் கையில் இருக்கிறதோ, அவர் அடுத்த சீட்டு விழும் வரை நூலைப் பிரிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அந்த நூலை வேறு உருண்டையாகச் சுற்றினால் நூலும் வீணாகாது. சீட்டில் பொதுவான கேள்விகளைவிடக் குடும்பக் கேள்விகளே சிறந்தவை: "தாத்தாவின் வயலுக்கு எந்த வாய்க்காலில் தண்ணீர் வந்தது?" என்று எழுதினால், விடை சொல்ல அப்பாயியையே எல்லோரும் சுற்றிக்கொள்வார்கள். உள்ளே மிட்டாய் வைக்காதீர்கள், இரவுக்குள் எறும்பு மொய்த்துவிடும். காசு, பாசிமணி, ஹேர்பின் போதும். நூலைத் தளர்வாகச் சுற்றுங்கள், சிறு விரல்களுக்கும் எளிதாகப் பிரிய வேண்டும்.

நாகை நூல்கடை வாடிக்கையாளர்:
நீங்கள் வாங்குவது அக்ரிலிக் நூலாக இருந்தால், முடித்தபின் இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைக்கவே கூடாது. நூல் உருகித் தட்டையாகிவிடும். சால்வையை விரித்துக் குண்டூசி குத்தி, சற்று உயரத்திலிருந்து நீராவி மட்டும் காட்டி, மின்விசிறியின் கீழ் அப்படியே ஆறவிடுங்கள். சிவப்புச் சாயம் சந்தன நிறத்தில் இறங்குமா என்பதை, மாதிரித் துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தி முன்பே பார்த்துவிடுங்கள்.