பிரேஸுக்கு ‘வங்கு’ சரிவருமா?

கோயம்புத்தூரிலிருந்து:

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நான்காவது கிட்டாரை முடித்துவிட்டேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் கைவினைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் எல்லார் கையிலும் கொடுத்தேன். வாசித்துப் பார்த்தவர்கள் பாதி, தட்டிப் பார்த்தவர்கள் பாதி. வீணை செய்கிற பெரியவர் ஒருவர் மட்டும் இரண்டையும் செய்யவில்லை. தந்திகளைத் தளர்த்தச் சொல்லிவிட்டு, நடுத்துளைக்குள் கையை விட்டு மேல்பலகையின் அடிப்பக்கத்தைத் தடவினார். “உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறதே, இதற்கு என்ன பெயர்?” என்றார். “பிரேஸ்” என்றேன். “என் பேத்தி பல்லில் மாட்டியிருக்கிறாளே, அதுவா?” என்றார்.

எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கிட்டாரின் செய்முறையை வரைபடங்களோடு தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் பக்கத்துக்குப் பத்து முறை வருகிற சொல் இதுதான்.

மற்ற உறுப்புகளில் பெரிய சிரமம் இல்லை. வீணை கொடுத்துவிட்டது. மெட்டு (விரல் அழுத்தும் இடத்துக் குறுக்குக் கம்பி), குதிரை (தந்திகளை ஏந்தும் கட்டை), பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி), தண்டி (கழுத்து), தந்தி எல்லாம் கைவசம் இருக்கின்றன. நடுத்துளைக்கு ‘ஒலித்துளை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தவறில்லை, ஆனால் பொருநராற்றுப்படையில் யாழின் துளைக்கு ‘வறுவாய்’ என்றே பெயர் இருக்கிறது. எட்டாம் நாள் பிறைபோன்ற, உள்நாக்கு இல்லாத வாய் என்கிறது பாட்டு. கிட்டாரில் அது முழுநிலவு, அவ்வளவுதான் வேறுபாடு. வறுவாயை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பிரேஸுக்கு வீணை கைகொடுக்கவில்லை. வீணைக் குடத்தைப் பலாமரத்தில் குடைந்தெடுக்கிறார்கள். மெல்லிய பலகைகளைத் தனித்தனியே இழைத்து, வளைத்து, ஒட்டிப் பெட்டியாக்கும் கிட்டாரின் சிக்கல் அங்கே எழவில்லை. அதனால் சொல்லும் பிறக்கவில்லை.

குழுவில் இதுவரை வந்த சொற்கள் தாங்கி, முட்டு, வலுச்சட்டம், விலா. ஒவ்வொன்றையும் பட்டறையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஏன் சில ஒட்டவில்லை என்று சொல்வதற்கு முன்னால், அந்தக் கட்டை என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இங்கே சொல் தேடுகிறவர்களில் பலர் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

மேல்பலகை ஸ்புரூஸ் மரம். கனம் 3 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. இரும்புத் தந்தி ஆறும் சுருதி சேர்ந்து நிற்கும்போது மொத்த இழுவை ஏறக்குறைய 70 கிலோ. ஓர் ஆள் தொங்குகிற பாரம். பலகை நார் ஓடும் திசையில் விறைப்பாக இருக்கும். குறுக்கே வளைத்தால் அப்பளம்தான். குதிரையோ இழுவையில் முன்பக்கம் சாயப் பார்க்கும். இதையெல்லாம் தாங்குவதற்காக அடியில் கட்டைகளை ஒட்டுகிறோம். இதுவரை ‘தாங்கி’ சரிதான்.

ஆனால் தாங்குவது மட்டுமே வேலை என்றால் விட்டம் மாதிரி ஒரு கட்டையைப் போட்டுவிட்டுப் போகலாம். கிட்டார் உடையாது, ஊமையாகிவிடும். பலகை அதிர வேண்டும். தந்தியை ஏந்தும் அளவு விறைப்பும், அதிரும் அளவு நெகிழ்வும் ஒரே கட்டையிடம் கேட்கிறோம். ஆகவே ஒட்டிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பலகையைக் காதருகே இரு விரலால் தூக்கிப் பிடித்து, தேங்காய்க்காரர் தட்டுவதுபோல் முட்டியால் தட்டுகிறேன். ‘டொக்’ என்று செத்த சத்தம். உளியை மல்லாத்திப் பிடித்துக் கட்டையின் நுனியிலிருந்து வெங்காயத்தோல் கனத்துக்கு ஒரு சீவல். மறுபடி தட்டு. இன்னொரு சீவல். எங்கோ ஓரிடத்தில் ‘டொக்’ நீண்டு ‘டொம்’ ஆகிறது. அங்கே கை நிற்க வேண்டும்.

நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை என் இரண்டாவது கிட்டாரில் கற்றேன். கட்டையின் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடிக்கு (உயரம் × உயரம் × உயரம்) ஏற்ப மாறும். 15 மில்லிமீட்டர் உயரத்தை 12 ஆக்கினேன். மூன்று மில்லிமீட்டர்தானே என்று நினைத்தேன். விறைப்பில் பாதி போய்விட்டது. ஒரு மாதம் அருமையாகப் பாடியது. பிறகு குதிரைக்குப் பின்னால் பலகை தொப்பை போட்டது. பன்னிரண்டாம் மெட்டில் தந்தியின் உயரம் இரண்டரையிலிருந்து நான்கு மில்லிமீட்டருக்கு ஏறிவிட்டது. வாசித்த பையன் விரலைக் காட்டினான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆகவே ‘முட்டு’ வேண்டாம். முட்டு கொடுப்பது சாய்கிற சுவருக்கு. ‘வலுச்சட்டம்’ என்று எழுதினால் படிக்கிறவர் அதைச் சீவ அஞ்சுவார். வலுவைக் குறைப்பதே அங்கே கலை. ‘விலா’ அழகு. ஆனால் கிட்டாரின் வளைந்த பக்கப்பலகைகளை ஆங்கிலத்தில் விலா என்றே சொல்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அங்கிருந்து படித்து வருகிறவர் குழம்புவார்.

என் முன்மொழிவு ‘வங்கு’.

மரக்கலத்தின் உறுப்புகளாகத் தமிழில் ஏரா, பருமல், வங்கு, கூம்பு என்று ஒரு வரிசை உண்டு. வங்கு என்பது கலத்தின் உட்புறம் வரிசையாக நிற்கும் வளைந்த கட்டை. தூத்துக்குடியில் கரையேற்றியிருந்த ஒரு தோணிக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. அந்தக் கட்டைகள் பலகையைத் தாங்கிக்கொண்டு சும்மா நிற்கவில்லை. கலத்தின் வடிவமே அவற்றைச் சார்ந்து நிற்கிறது. கிட்டாரிலும் இதே கதை. நம் மேல்பலகை பார்ப்பதற்குத் தட்டை. உண்மையில் லேசான கவிகை. அந்தக் கவிவைப் பலகையில் செதுக்குவதில்லை. கட்டையின் அடிவிளிம்பை ஏறக்குறைய எட்டரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டுபோல இழைத்து, அதன்மேல் தட்டைப் பலகையை அழுத்தி ஒட்டுகிறோம். பசை காய்ந்ததும் பலகை கட்டையின் வளைவை வாங்கிக்கொள்கிறது. (அழுத்துவதற்கு நான் கிளாம்பு பயன்படுத்துவதில்லை. பட்டறையின் தாழ்ந்த கூரைக்கும் பலகைக்கும் இடையே மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்துச் செருகிவிடுகிறேன். இருபது பிளாச்சு, செலவு ஒன்றுமில்லை. பசை, விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரம்.) தாங்கியும் முட்டும் வடிவம் கொடுப்பதில்லை. வங்கு கொடுக்கிறது.

இன்னொரு வசதி, சொல் சிறியது. முன்னால் அடைமொழி சேர்க்கலாம். பழைய ஐரோப்பியக் கிட்டார்களில் கட்டைகள் ஏணிப்படிபோல் குறுக்கே மட்டும் போகும். அது ஏணி வங்கு. ஸ்பெயினின் அல்மேரியாவில் பிறந்த அந்தோனியோ டி டோரஸ் செம்மைப்படுத்தியது வறுவாய்க்குக் கீழே விரியும் ஏழு கட்டை. அது விசிறி வங்கு. ஒலியில் பெரும்பங்கு மேல்பலகைக்கே என்று காட்ட, 1862இல் பக்கங்களையும் முதுகையும் காகிதக்கூழ் அட்டையில் செய்து ஒரு கிட்டாரையே கட்டிய மனிதர் அவர். சாக்சனியிலிருந்து 1833இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த கிட்டார்க் கைவினைஞர் மார்ட்டினின் பட்டறையில் 1840களில் உருவெடுத்தது, இரண்டு நீண்ட கட்டைகள் வறுவாய்க்குக் கீழே ஒன்றையொன்று வெட்டும் முறை. எக்ஸ் பிரேஸ் என்கிறார்கள். நான் ‘கத்தரி வங்கு’ என்கிறேன். அது பிறந்தபோது கிட்டாரில் குடல்தந்திதான். இருபதாம் நூற்றாண்டில் இரும்புத் தந்தி வந்து இழுத்தபோது தாங்கியது கத்தரிதான்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

*

திருநெல்வேலியிலிருந்து:

ஐயா, மடல் அருமை. ஆனால் எங்கள் பக்கத்தில் வங்கு என்றால் எலி வங்கு, பாம்பு வங்கு. அதாவது பொந்து. “கிட்டாருக்குள் கத்தரி வங்கு இருக்கிறது” என்று என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “வயலில்தான் எலி என்றால் வாத்தியத்திலுமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நாய்க்கு வருகிற சொறிக்கும் வங்கு என்றே பெயர். நீங்கள் பெருமையாகச் செய்த கிட்டாருக்குச் சொறி வேண்டாமே.

‘பழு’ எப்படி? விலாவெலும்புக்குப் பழுவெலும்பு என்கிறோம். விலா பக்கப்பலகைக்குப் போனால் பழு இதற்கு வரட்டும்.

*

தஞ்சாவூரிலிருந்து, தமிழாசிரியை ஒருவர்:

இரண்டு மடல்களையும் படித்தேன். தம்பி சொல்வது உண்மை. வங்குக்குப் பொந்து என்ற பொருளும் நோய் என்ற பொருளும் அகராதியில் உண்டு. ஆனால் குதிரை என்ற சொல்லை வீணையில் வைத்துக்கொண்டு யாரும் கொள்ளு தேடவில்லை. துறைக்குள் வந்ததும் சொல் அடங்கிவிடும். என் கவலை வேறு. பிரேஸ் ஒரு பொருள். பிரேசிங் அந்தப் பொருள்கள் அமைந்திருக்கும் முறை. கோவை நண்பர் இரண்டுக்கும் வங்கு என்றே எழுதுகிறார். ‘விசிறி வங்கு ஏழு’ என்றால் ஏழு கட்டையா, ஏழு வகையா?

பொருளுக்கு வங்கு, முறைக்கு வங்கமைப்பு என்று பிரியுங்கள். வங்கு குற்றியலுகரம், அதனால் அமைப்பு என்பதோடு சேரும்போது உகரம் போய்விடும். இதைப் பார்த்துவிட்டு “வங்கத்தின் அமைப்பு, அதாவது கப்பலின் அமைப்பு” என்று ஒருவர் பொருள் சொல்லலாம். அப்படி வேண்டுமானால் ‘வங்கவமைப்பு’ என்று வந்திருக்க வேண்டும். கப்பலிலிருந்து வந்த சொல்தானே, குழம்பினாலும் தாய்வீட்டுக்குத்தான் போவார்கள்.

‘பழு’ எனக்கும் பிடிக்கும், எழுத்தில் தாங்காது. பழுவை, பழுவின், பழுக்கள் என்று போகும்போது பழுப்பும் பழுதும் பக்கத்தில் வந்து நிற்கும். பழுது என்ற சொல்லைக் கிட்டார் செய்கிறவர் வீட்டில் அழைத்துவரலாமா?

*

கோயம்புத்தூரிலிருந்து:

அம்மா, வங்கமைப்பை இன்றே எடுத்துக்கொண்டேன். கத்தரி வங்கமைப்பு, விசிறி வங்கமைப்பு, ஏணி வங்கமைப்பு. எழுதிப் பார்த்தால் வரிகள் தாமாகவே சீராகின்றன; ‘பிரேசிங் முறை’ என்று நான் தடவிக்கொண்டிருந்த இடங்கள் எல்லாம் போய்விட்டன.

நெல்லை நண்பருக்கு: உங்கள் அம்மாவின் கேள்வியை நான் தள்ளவில்லை. ஒவ்வோர் அத்தியாயத்திலும் முதல் முறை வரும் இடத்தில் ‘வங்குச்சட்டம்’ என்று முழுதாக எழுதுகிறேன், பிறகு வங்கு. எலி உள்ளே வராது.

நேற்று அந்த வீணைப் பெரியவரின் பட்டறைக்கு வேறு வேலையாகப் போனேன். என் அடுத்த கிட்டாரின் பலகை கையில் இருந்தது. மூங்கில் பிளாச்சு எடுத்து ஒருநாள்தான் ஆகியிருந்தது. சொல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை, வரைபடத்தை மட்டும் விரித்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, “இந்த வங்கு நார் பிறழ்ந்திருக்கிறது. அறுத்த கட்டையா?” என்றார். ஆம், அறுத்ததுதான். பிளந்து எடுத்தால் நார் முழுநீளமும் ஓடும். ரம்பத்தில் அறுத்தால் நடுவில் வெட்டுப்பட்டு ஓடிவிடும். எனக்குத் தெரியும், சோம்பலில் விட்டுவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் இளஞ்சூடு காட்டிப் பெயர்த்துவிட்டு, பிளந்த கட்டையில் புதிதாகப் போடப்போகிறேன். வச்சிரத்தின் நன்மை அது. சூட்டுக்கும் ஈரத்துக்கும் விட்டுக்கொடுக்கும்.

திருத்திய வரைபடத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். முன்பு நகல் வாங்கியவர்கள் ஒன்றைக் கையால் திருத்திக்கொள்ளுங்கள்: கத்தரி வங்குகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் உயரம் 13 என்று போட்டிருந்தேன். அது 15.