பாலாத்தங்கரை வீடு (குழு)

சித்தப்பா: ஞாயித்துக்கிழமை நைனா காரியத்துக்கு எத்தினி பேருன்னு இன்னிக்கே சொல்லுங்க. சமையல்காரர் ரெண்டு தபா போன் பண்ணிட்டாரு

காட்பாடி அத்தை: நாங்க 6 பேர். காலைல நேரா வந்துடுவோம்

பாபு: 3. அணைக்கட்டுல கேட்டீங்களா சித்தப்பா?

சித்தப்பா: நீயே கேளு. அவங்க என் போனை எடுக்க மாட்டாங்க

நான்: எல்லாரும் சனிக்கிழமை ராத்திரியே வந்து தங்குங்க. கொஞ்சம் பெருசா எழுதறேன், முழுசா படிங்க. தாத்தா போனதிலேர்ந்து நாம ஆயாவ சாப்டியா, மாத்திரை போட்டியான்னுதான் கேக்கறோம். அதுவும் உம் உம்முன்னு முடிச்சிடுது. நேத்து மத்தியானம் போனை உள்ள வச்சுட்டு, திண்ணையில ரெண்டு பேரும் மல்லாட்ட உரிச்சுக்கினு இருந்தோம். நான் எதுவும் கேக்கல. பாதி மொறம் ரொம்பின பிறகு அதுவா ஆரம்பிச்சுது. ஓடு ஒடையற சத்தம், ரெண்டு வார்த்த, மறுபடி ஓடு. மூஞ்சிய மூஞ்சி பாக்கவேயில்ல. நடுவுல 'அழாத ஆயா'ன்னுட்டேன், டக்குனு நிறுத்திடுச்சு. நான் வாய மூடிக்கினு உரிச்சேன். ரொம்ப நேரம் கழிச்சுதான் மறுபடி வந்துது. 40 வருஷத்துக்கு மேல உள்ளயே வச்சிருந்த விஷயம்

பாபு: சனிக்கிழமை கூடினா சொத்துப் பேச்சுதான் வரும். எனக்கு வேணாம்

சித்தப்பா: இப்ப யார்றா சொத்து பேசினது?

காட்பாடி அத்தை: இன்னாடி சொல்லுச்சு அம்மா? என்கிட்ட ஒண்ணும் சொல்லலயே

நான்: கோச்சிக்காதீங்க அத்தை. என்னை நம்பி சொன்னது, நான் இங்க எழுத மாட்டேன். பக்கத்துல ஒக்காருங்க, உங்ககிட்டயும் சொல்லும்

சித்தப்பா: இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா 10 கிலோ சொல்லிக்கீறேன். காரக்குழம்பு

பாபு: 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே, அதுவா

காட்பாடி அத்தை: பிஞ்சா பாத்து வாங்கு. முத்தினது போட்டா நைனா தொடமாட்டாரு

பெரியப்பா: மாலா, சத்துவாச்சாரியிலேர்ந்து வேலூர் கோட்டைக்கு லிங்கம் கொண்டாந்த வருஷத்து விஷயமா?

நான்: ஆமா பெரியப்பா

பெரியப்பா: 1981. எனக்கு 8 வயசு. வெளிய சொல்லாதடான்னாரு நைனா. நானும் சொல்லல

பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

காட்பாடி அத்தை: படிச்சிட்டேன் அண்ணா. பரண் மேல எந்தத் தூளி? அது தம்பியோடது இல்லையா?

பெரியப்பா: நேர்ல வா. போன்ல வேணாம்மா

சித்தப்பா: நான் பொறந்தது 83. எனக்கு முன்னாடி இன்னொண்ணா?

சித்தப்பா: யாராவது சொல்லுங்க

நான்: நீங்களும் சனிக்கிழமை வாங்க சித்தப்பா

காட்பாடி அத்தை: நான் வெள்ளிக்கிழமையே வரேன். அவருக்கு சோறு ஆக்கி வச்சிட்டு சாயங்காலம் கெளம்பறேன்

பாபு: அப்ப அணைக்கட்டு?

பெரியப்பா: அவங்களுக்கு நான் போன் பண்றேன்

நான்: அத்தை, வரும்போது மல்லாட்ட ரெண்டு படி வாங்கிட்டு வாங்க. இங்க தீந்துடுச்சு

காட்பாடி அத்தை: பருப்பா?

நான்: இல்ல, தோலோட

சித்தப்பா: சமையல்காரர் லைன்ல கீறாரு. 60ஆ 70ஆ?