தூண்டற் காரணியா, நிலைப்புக் காரணியா?

அன்பின் தம்பி,

ஒட்சிசன் குறையும்போது கலங்களில் வேலைசெய்யும் ‘hypoxia-inducible factor’ என்ற புரதத்துக்கு நீர் முன்வைத்த ‘ஒட்சிசன் இன்மைத் தூண்டற் காரணி’ என்ற தமிழ்ச் சொல்லில் இரண்டு இடங்களில் எனக்கு உடன்பாடில்லை.

முதலாவது, ‘இன்மை’. இந்தக் காரணி வேலைசெய்ய ஒட்சிசன் அறவே அற்றுப்போக வேண்டியதில்லை. இழையத்தில் வழமையான அளவிலிருந்து இறங்கினாலே போதும். ஆகவே ‘குறையொட்சிசன்’ என்போம்.

‘தூண்டல்’தான் பெரிய சிக்கல். ஆங்கிலப் பெயரிலும் அதுதானே இருக்கிறது என்பீர். கலத்துக்குள் நடப்பதைப் பாரும். காரணியின் இரு அலகுகளில் ஒன்றான அல்பா அலகைக் கலம் ஓயாமல் ஆக்கிக்கொண்டே இருக்கிறது. ஒட்சிசன் போதிய அளவு இருக்கையில் ஒரு நொதியம் அந்த ஒட்சிசனையே எடுத்து, அலகிலுள்ள புரோலீனில் ஐதரொட்சிலாகச் சேர்க்கிறது. அந்த அடையாளத்தை வி.எச்.எல். புரதம் பற்றிக்கொள்ள, அலகு சில நிமிடங்களில் சிதைந்துவிடுகிறது. ஒட்சிசன் குறைந்தால் அடையாளம் விழாது. அலகு தப்பிப் பிழைத்துக் கலத்தின் கருவுக்குள் சென்று, பீற்றா அலகுடன் இணைந்து, குருதிக்கலன்களை வளர்க்கும் வி.ஈ.ஜி.எப். புரதத்தின் பரம்பரையலகை முடுக்கிவிடுகிறது. கலங்கள் ஒட்சிசனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்ததற்காகவே கெலின், ராட்கிளிஃப், செமென்சா மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர். அழிய வேண்டியது அழியாமல் நிலைப்பதுதான் இங்கே செய்தி. எனவே என் பரிந்துரை: ‘குறையொட்சிசன் நிலைப்புக் காரணி’.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அந்த மண்ணிலிருந்து எழுதும் நாம் ஆங்கிலப் பெயரின் நிழலிலேயே நிற்க வேண்டுமா?

‘angiogenesis’ என்பதற்கான ‘குருதிக்கலன் தோற்றம்’ என்ற சொல்லையும் மாற்றச் சொல்வேன். முளையத்தில் கலன்கள் புதிதாக உருவாவதற்கு அது பொருந்தும். வி.ஈ.ஜி.எப். செய்விப்பதோ பெரும்பாலும் வேறு: வேலியில் நட்ட பூவரசங் கதியால் பக்கத்தில் தளிர் விடுவதுபோல, இருக்கும் கலனின் சுவரிலிருந்தே புதுக் கலன் புறப்படுகிறது. ‘குருதிக்கலன் கிளைப்பு’ என்றால் படிப்பவர் மனத்தில் அந்த உருவம் உடனே வந்துவிடும். நீரிழிவால் விழித்திரையில் ஒட்சிசன் குறையும்போது இதே கிளைப்புத்தான் கேடாகிறது. நலிந்த புதுக் கலன்கள் கசிந்து, குருதி பெருகிப் பார்வையைப் பறிக்கின்றன. வி.ஈ.ஜி.எப்.ஐத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியால் ஏற்றுவது ஏன் என்று நோயாளிக்குத் தமிழில் விளக்கவும் இந்தச் சொல் உதவும்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. காரணி சென்று பிணையும் டி.என்.ஏ. பகுதிக்குக் ‘குறையொட்சிசன் துலங்கற்கூறு’ என்று வைக்கலாமா? உமது கருத்தை எழுதும்.