பயிற்சிப் பள்ளியில் படித்தது ஸ்டேஷன் வாசலோடு போய்விடுகிறதா?

வழிப்போக்கன் கேட்டது:
தம்பி போலீஸ் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் நாளே ஒரு சீனியர் அவனிடம், "அங்கே படித்ததை மூட்டை கட்டி வை, வேலை என்றால் என்னவென்று நான் சொல்லித் தருகிறேன்" என்றாராம். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், எனக்குத்தான் சுருக்கென்றது. எங்கே என்ன தப்பு நடந்தாலும் 'பயிற்சி போதாது, காலத்தை நீட்டுங்கள்' என்கிறார்கள். நார்வேயிலும் ஃபின்லாந்திலும் மூன்று ஆண்டு பட்டப்படிப்பு. அமெரிக்காவில் 2018 கணக்குப்படி அடிப்படைப் பயிற்சி சராசரியாக 833 மணி நேரம், அதாவது ஏறக்குறைய ஐந்து மாதம். சரி, நீட்டுகிறோம் என்றே வைத்துக்கொள்வோம், வெளியே வந்ததும் மூட்டை கட்டத்தான் போகிறார்கள் என்றால் என்ன பிரயோஜனம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:
பயிற்சிப் பள்ளியில் சில ஆண்டுகள் சட்டப் பாடம் எடுத்தவன் நான். விடியற்காலையில் கவாத்து, ஓட்டம் எல்லாம் முடித்துவிட்டு மத்தியானம் என் வகுப்புக்கு வருவார்கள், பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள், கைது செய்யும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று கேட்டால் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், அவ்வளவுதான். அதே ஆட்கள் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு மறுபயிற்சிக்கு வந்தபோது என்னை விடவே இல்லை. "சார், வீட்டுக்குள்ளே சண்டை, அம்மா வராதே என்கிறாள், பிள்ளை உள்ளே அழுகிறது, நுழையலாமா கூடாதா?" இப்படிக் கேள்விகள். நார்வேயில் மூன்று ஆண்டு என்பதை விட அதை அடுக்கியிருக்கும் விதத்தைப் பாருங்கள்: முதல் ஆண்டு கல்லூரி, இரண்டாம் ஆண்டு களம், மூன்றாம் ஆண்டு மறுபடி கல்லூரி. அடிபட்டுத் திரும்பி வந்து படிக்கிறார்கள். மூன்று ஆண்டையும் வகுப்பிலேயே கழித்தால் தூக்கம்தான் மூன்று ஆண்டாகும்.

நைட்ரவுண்டு:
தம்பிக்குக் கிடைத்த சீனியர் மாதிரி நானும் ஒரு காலத்தில் பேசியவன்தான், மறைக்கவில்லை. புதிதாக வருகிறவனை யாரோடு அனுப்புகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்காவில் சான் ஹோசே நகரப் போலீஸ் 1970களின் தொடக்கத்திலேயே இதற்கு ஒரு முறை கொண்டுவந்தது. களப் பயிற்சிக்கென்றே தயார்செய்த அதிகாரி புதியவரோடு தினமும் போய், அன்றைய வேலைக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டு எழுதித் தர வேண்டும். வெறும் டிக் அடிக்கும் சடங்காகிவிடும் ஆபத்து அதிலும் உண்டு, ஆனால் யார் கற்றுத்தருகிறார், என்ன கற்றுத்தந்தார் என்பதற்குக் காகிதமாவது இருக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் அன்றைக்கு ஷிஃப்டில் யார் இருக்கிறாரோ அவர்தான் குரு. கதவைத் தட்டிவிட்டு நான் ஓரமாக ஒதுங்கி நிற்பதையும் பையன் பார்ப்பான், குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனை நான் "டேய்" என்று காலால் தட்டுவதையும் பார்ப்பான். இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்வான், நாம் எதைப் பாடம் என்று நினைத்தோம் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

சந்தேகி:
வகுப்புகளை நம்பி எனக்குப் பழக்கமில்லை. நியூயார்க் போலீஸில் மனதுக்குள் ஒளிந்திருக்கும் பாரபட்சம் பற்றி எல்லோருக்கும் வகுப்பு எடுத்தார்கள், 2020இல் ஆய்வு முடிவு வந்தது: விஷயம் புரிந்தது என்றார்கள், தெருவில் நடத்தை மாறியதற்குப் பெரிதாகத் தடயமே இல்லை. ஆனால் லூயிவில் நகரத்தில் வேறு மாதிரிப் பயிற்சி கொடுத்தார்கள்: கத்தியோடு கலங்கிப்போய் நிற்கிறவர் முன்னால் எவ்வளவு தூரத்தில் நிற்பது, எதற்குப் பின்னால் மறைவது, பேசிப் பேசி எப்படி நேரத்தை இழுப்பது. நடித்துக் காட்டும் காட்சிகளில் திரும்பத் திரும்பப் பழக்கினார்கள். பலப்பிரயோகம் ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்தது, போலீஸ்காரர்களுக்குக் காயமும் குறைந்தது. ஆக, 'அன்பாக இரு' என்று சொல்லித் தருவதை விட 'பத்தடி தள்ளி நில்' என்று பழக்குவது வேலை செய்கிறது. எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

கரும்பலகை:
சந்தேகி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனநலம் குன்றிய ஒருவர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியான பிறகு அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் 1988இல் அப்படிப்பட்டவர்களை அணுகுவதற்கென்றே ஒரு பயிற்சி தொடங்கினார்கள், 40 மணி நேரம், விருப்பப்பட்டு முன்வருகிறவர்களுக்கு. அப்படி ஒரு அழைப்பு வந்தால் அவர்களை அனுப்புவார்கள். எல்லோரையும் பிடித்து உட்கார வைக்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது.

மூன்றாம்ஷிஃப்ட்:
எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆள் எங்கே? பந்தோபஸ்துக்கு ஆள் பத்தவில்லை என்று பயிற்சியில் இருக்கிற பையன்களையே பாதி வகுப்பில் இழுத்துக்கொண்டு போவார்கள். மறுபயிற்சிக்குப் பெயர் கொடுத்தால், 'வேலைக்கு டிமிக்கியா?' என்று கேட்பார்கள். முதலில் அதைச் சரிசெய்யட்டும்.

வழிப்போக்கன்:
அப்படியானால் தம்பியிடம் நான் இப்போது என்ன சொல்வது?

நைட்ரவுண்டு:
ஒரே ஆளோடு ஒட்டிக்கொள்ள வேண்டாம், வேறு இரண்டு மூன்று பேரோடும் ரோந்து போகக் கேட்கச் சொல்லுங்கள். அந்த சீனியரை வெறுக்கவும் வேண்டாம், எந்தச் சந்தில் இருட்டு, யார் பொய் சொல்லும்போது கண்ணைத் தேய்ப்பான் என்பதெல்லாம் அவரிடம்தான் கிடைக்கும். அப்புறம், ஷிஃப்ட் முடிந்ததும் சிறிய நோட்டில் ஒரு வரி: இன்று நடந்ததில் எது படித்ததோடு இடித்தது. ஓராண்டு கழித்து மறுபயிற்சிக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோகட்டும், கரும்பலகை சார் போன்றவர்களைக் கேட்டுக் குடையலாம்.

வழிப்போக்கன்:
சொல்லிப் பார்த்தேன். நோட்டு வாங்கிவிட்டானாம். அடுத்த வாரம் முழுக்க நைட் டியூட்டி, அதே சீனியரோடு.