பிஎஸ்5 இப்போதே வாங்கலாமா, பிஎஸ்6 வரை பொறுக்கலாமா?

கடலூர், பாண்டி பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். தம்பிக்கு பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) வீடியோ கேம் கன்சோல் வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன். பிஎஸ்6 வரப்போகிறது, பொறு என்று அவன் கூட்டாளிகள் தடுக்கிறார்கள்.

விலை, தேதி என்று யூடியூபில் சுற்றுவதெல்லாம் வதந்திதான். 2025 அக்டோபரில் பிளேஸ்டேஷன் தயாரிக்கும் சோனியின் கன்சோல் வடிவமைப்பாளர் மார்க் செர்னி, புதிய கிராபிக்ஸ் நுட்பங்கள் சில ஆண்டுகளில் வரும் கன்சோலுக்கு என்று மட்டும் சொன்னார். பிஎஸ்4 2013, பிஎஸ்5 2020. அதே இடைவெளி என்றால் 2027. இது என் கணக்கு, உறுதி இல்லை. அப்படியே வந்தாலும் நமக்கு உடனே கிடைக்குமா? பிஎஸ்5 இந்தியாவுக்கு வர 2021 பிப்ரவரி ஆனது. அதன் மேம்பட்ட மாடலான பிஎஸ்5 ப்ரோ 2024இல் வெளியானபோது, வைஃபை அலைவரிசை அனுமதிச் சிக்கலால் இங்கே வரவே இல்லை.

அதனால் இப்போதே வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. அவனிடம் பிஎஸ்4 டிஸ்க்குகள் நிறைய இருக்கின்றன. பிஎஸ்5இல் பெரும்பாலும் எல்லாமே ஓடும், ஆனால் டிஸ்க் டிரைவ் உள்ள மாடல் வேண்டும். நேரு வீதிப் பக்கமோ மஞ்சக்குப்பத்திலோ ஓட்டிப் பார்த்து வாங்க நல்ல கடை உண்டா? அப்புறம், செகண்ட் ஹேண்ட் என்றால் கடற்கரை வீட்டு உப்புக் காற்றில் துருப்பிடித்த பெட்டியா என்று எங்கே பார்ப்பது? பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள். தீபாவளிக்குள் வாங்கியாக வேண்டும்.